முதல் செமஸ்டர் முடிந்தது: சாருக்கும் மேடத்துக்கும் எப்படி நன்றி சொல்வது?

முதலாண்டு_மெக்:

வணக்கம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் முதலாண்டு படிக்கிறேன். அரசுப் பள்ளி, தமிழ் வழி, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவன். முதல் செமஸ்டர் தேர்வு முடிந்து ஊரில் இருக்கிறேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

இரண்டு பேருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. ஒருவர் கணக்கு சார், மேட்ரிக்ஸ் அண்ட் கால்குலஸ் எடுத்தவர். பிளஸ் டூவில் நான் கணக்கில் நல்ல மார்க்தான். இங்கே வந்த புதிதில் போர்டில் இருந்த கணக்கு புரிந்தது, அதைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் சொன்ன எதுவும் பிடிபடவில்லை. தமிழ் வழியில் வந்த நாங்கள் சிலர் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அன்றிலிருந்து மாலையில் காலேஜ் பஸ் கிளம்புவதற்கு முன்னால் எங்களை உட்காரவைத்து, அன்றைய வகுப்பைத் தமிழில் ஒருமுறை ஓட்டிவிடுவார். இன்னொருவர் பைத்தான் மேடம். லேப்பில் எல்லோரும் மூன்றாவது புரோகிராமுக்குப் போயிருக்கும்போது நான் முதல் புரோகிராமில் இன்டென்டேஷன் எரரோடு உட்கார்ந்திருப்பேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

பிரச்சினை என்னவென்றால், ரூமில் இதைச் சொன்னதும் "இன்டர்னல் மார்க்குக்கு ஐஸ் வைக்கிறான்" என்று ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இன்னொரு பக்கம் எங்கள் சி.ஆர். (வகுப்புப் பிரதிநிதி) வாட்ஸ்அப் குரூப்பில், ஆளுக்கு 200 ரூபாய் போட்டு எல்லா ஸ்டாஃபுக்கும் கிஃப்ட் வாங்கலாம் என்கிறார். எனக்கு அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வரும் 1000 ரூபாயில்தான் மாதம் ஓடுகிறது.

நேரில் சொல்வதா, மெயிலா, வாட்ஸ்அப்பா? ரிசல்ட்டுக்கு முன்பா, பின்பா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கடைசிபெஞ்ச்:

தம்பி, இதற்கெல்லாம் ஒரு இழையா? பாடம் எடுப்பது அவர்கள் வேலை. அதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள். ஒழுங்காகப் படித்து அரியர் இல்லாமல் பாஸ் பண்ணு, அது போதும். நான் படித்த காலத்தில் செமஸ்டர் முடிந்ததும் ஸ்டாஃப் ரூம் வாசலில் கிரீட்டிங் கார்டோடு வரிசையில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனை பேருக்கும் நான்கு வருடமும் ஜால்ரா என்றுதான் பெயர்.


ஸ்டாஃப்_வீட்டுப்_பெண்:

சம்பளம் என்று ஈசியாகச் சொல்லிவிட்டீர்கள். என் அம்மா தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிப்படி அந்தப் பதவிக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அந்த எண்ணை அம்மா அரசாணையில் பார்த்ததோடு சரி, பாஸ்புக்கில் பார்த்ததில்லை. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் கல்லூரி ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. கோடையில் பள்ளி பள்ளியாகப் போய் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க வேண்டும். அதற்கு டார்கெட் வேறு.

தம்பியின் கணக்கு சார் மாலையில் உட்கார்ந்த நேரம் எந்த டைம்டேபிளிலும் வராது. அதைச் செய்யாமல் பஸ் ஏறிப் போயிருந்தாலும் அவரை யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். சம்பளத்துக்குள் அடங்காத வேலைக்குத்தான் தம்பி நன்றி சொல்ல நினைக்கிறார். அதைப் போய்க் கிண்டல் பண்ணாதீர்கள்.


கடைசிபெஞ்ச்:

உங்கள் அம்மாவைச் சொல்லவில்லை சகோதரி. ஆனால் எல்லோரும் அப்படியா? 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்ததே, ஒரே ஆள் ஒரே ஆண்டில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியராக இருப்பதாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள் என்று. அப்படிப்பட்டவருக்கு எந்தக் கல்லூரி வாசலில் போய் நின்று நன்றி சொல்வது?


ஸ்டாஃப்_வீட்டுப்_பெண்:

அவர் உங்களுக்கு வகுப்பே எடுத்திருக்க மாட்டாரே. அப்புறம் எதற்கு நன்றி?


இயற்பியல்_வாத்தி:

பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்கு இயற்பியல் எடுப்பவன் நான். வேதியியல், கணக்கு, ஆங்கிலம், நாங்கள் எல்லோரும் "சயன்ஸ் அண்ட் ஹியூமானிட்டீஸ்" என்ற பெயரில் கட்டடத்தின் ஏதோ ஒரு மூலையில் இருப்போம். மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் அவரவர் துறைக்குப் போன பிறகு அந்தப் பக்கமே வர மாட்டார்கள். ஃபேர்வெல் விழாவில் எங்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. குறையாகச் சொல்லவில்லை, நடைமுறை அப்படி.

முதலில் மார்க் விஷயம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிமுறையில்) தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. இரண்டு அசெஸ்மென்ட், ஒவ்வொன்றிலும் அசைன்மென்ட் மாதிரியான வேலைக்கு 40, எழுத்துத் தேர்வுக்கு 60. இரண்டையும் கூட்டி 40-க்குக் குறைத்துப் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றிவிடுகிறோம். செமஸ்டர் விடைத்தாள் எங்கள் கைக்கு வருவதே இல்லை. டம்மி நம்பர் போட்டு எங்கோ ஒரு மையத்தில் யாரோ திருத்துகிறார்கள். அதாவது தம்பி, நீங்கள் தேர்வு எழுதி முடித்துவிட்ட இந்த நேரத்தில் உங்கள் கணக்கு சார் நினைத்தாலும் அரை மார்க் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஐஸ் வைக்கிறான் என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். செமஸ்டர் நடுவில், இரண்டாம் அசெஸ்மென்டுக்கு முந்தின நாள் நன்றி மடல் வந்தால் நானே சந்தேகப்படுவேன். வந்தும் இருக்கிறது. ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். நல்ல மார்க் வந்தபின் சொன்னால் அது மார்க்குக்கான நன்றி ஆகிவிடும். மார்க் குறைந்துவிட்டால் சொல்லவே மாட்டீர்கள்.

அடுத்தது கிஃப்ட். தயவுசெய்து வேண்டாம். கணக்கு சாரே இரண்டாம் செமஸ்டரில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ட் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் எடுக்க உங்கள் வகுப்புக்கு வரலாம். கையில் பொருளை வாங்கிக்கொண்டு மறுபடி இன்டர்னல் போடுவது அவருக்குச் சங்கடம். 200 ரூபாய் கொடுக்க முடியாத பையன் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பதும் எங்களுக்குத் தெரியும். அதோடு, எல்லோரும் வாங்கித் தருவது சுவர்க்கடிகாரம். என்னிடம் இருக்கும் கடிகாரங்களை மாட்ட என் வீட்டில் அவ்வளவு சுவர் இல்லை.

எது மனதில் நிற்கும் என்றால், குறிப்பாகச் சொல்வதுதான். "நீங்கள் எடுத்த பாடம் மிக அருமை சார்" என்பதைப் பல வருடமாகக் கேட்கிறேன், யார் சொன்னார்கள் என்று ஒருவர் முகமும் நினைவில் இல்லை. ஆனால் ஒரு பெண், "லேசர் பாடத்தில் பாப்புலேஷன் இன்வெர்ஷனுக்கு வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்களை எழுப்பி பெஞ்ச் மேல் நிற்கவைத்தீர்களே, தேர்வில் அந்தக் கேள்வி வந்தபோது யார் யார் நின்றார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன்" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பேட்ச்சுக்கும் பெஞ்ச் ஏற்றுகிறேன். எது வேலை செய்தது என்று எங்களுக்கு வேறு யார் சொல்வார்கள்? தேர்ச்சி விகிதம் இவ்வளவு என்று ஹெச்.ஓ.டி. (துறைத்தலைவர்) சொல்வார். எந்த நிமிடத்தில் புரிந்தது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.


ரயில்_சிநேகிதன்:

வாத்தியார் சொன்ன நேரக் கணக்கு எனக்கு ராதாகிருஷ்ணனை நினைவூட்டியது. செப்டம்பர் 5 என்றதும் எல்லோரும் அவரைச் சொல்வார்கள், மைசூரு கதையை யாரும் சொல்வதில்லை. 1918-இலிருந்து மைசூரு மகாராஜா கல்லூரியில் தத்துவம் எடுத்தவர், 1921-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார். மாணவர்கள் பூவால் அலங்கரித்த வண்டியில் அவரை உட்காரவைத்து, குதிரைக்குப் பதிலாகத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துப் போனார்கள். ஊரை விட்டே போகிற ஆளிடம் இன்டர்னல் மார்க் ஏது? அதனால்தான் அது இன்றுவரை அழகாக இருக்கிறது.


கடைசிபெஞ்ச்:

இன்று இழுத்தால் யாராவது ரீல்ஸ் எடுத்துப் போடுவார்கள். வண்டி இழுத்தவனுக்கு மட்டும் பெயர் வந்துவிடும்.

ஆனால் வாத்தியார் சொன்ன "மார்க் பூட்டியபின் சொல்" என்பது சரிதான். அதில் எனக்குச் சண்டை இல்லை.


மதுரைக்காரி:

தம்பி, நேரிலா மெயிலா என்று கேட்டிருந்தாய். நான் சொல்வது இரண்டும். ஆனால் மெயில் முதலில்.

நேரில் போனால் ஸ்டாஃப் ரூமில் பத்து மேசை இருக்கும். நீ ஒருவருக்கு மட்டும் நன்றி சொன்னால் மற்ற ஒன்பது பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். உனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், "தேங்க் யூ சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடி வருவாய். அவரும் "சரிப்பா, நல்லா படி" என்பார். முடிந்தது. மெயில் என்றால் நினைத்ததை எழுதலாம், அவரும் வீட்டில் வைத்து நிதானமாகப் படிப்பார். வகுப்பு தொடங்கியபின் காரிடாரில் பார்க்கும்போது ஒரு வணக்கம் வை. மெயில் வந்தது என்று அவர் சொல்ல விரும்பினால் சொல்வார், சொல்லாவிட்டால் விட்டுவிடு.

வாட்ஸ்அப் வேண்டாம். அதில் வகுப்பு குரூப் அறிவிப்பும் குட்மார்னிங் பூப்படமும் வந்து குவியும். உன் நன்றியும் அதில் ஒன்றாகப் போய்விடும். மேடத்தின் சொந்த நம்பருக்கு அனுப்புவது சில வீடுகளில் தேவையில்லாத பேச்சைக் கிளப்பும், அதையும் யோசித்துக்கொள்.


முதலாண்டு_மெக்:

எல்லோருக்கும் நன்றி. மெயில் எழுதிப் பார்த்தேன். தமிழில் எழுதலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் தமிழில்தான் வருகிறது. திருத்தித் தாருங்கள்:

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, பணிவான வணக்கங்கள். மாதா பிதா குரு தெய்வம் என்பார்கள். எனக்குத் தாங்களே தெய்வம். தங்களைப் போன்ற ஆசிரியர் கிடைக்க நான் ஏழு பிறவியில் செய்த தவம். இருளில் இருந்த என் வாழ்வில் அறிவு விளக்கேற்றிய தங்கள் திருவடிகளை வணங்குகிறேன். தங்களது அன்பும் ஆதரவும் என்றென்றும் வேண்டும். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள மாணவன்."


மதுரைக்காரி:

தம்பி, இதை அவருக்கு அனுப்பாதே. கட்சித் தலைவர் பிறந்தநாள் போஸ்டருக்குச் சரியாக இருக்கும்.

முதல் பதிவில் எங்களுக்குச் சொன்னாயே, பஸ் கிளம்புவதற்கு முன்னால் என்று, அது ஏன் இதில் இல்லை? அதைத்தான் அவரிடம் சொல்ல வேண்டும். நான் ஒன்று எழுதிப் பார்க்கிறேன், உன் வார்த்தைக்கு மாற்றிக்கொள்:

"வணக்கம் சார். மெக்கானிக்கல் முதலாண்டு, பி பிரிவு, (உன் பெயர்). முதல் செமஸ்டர் முடிந்துவிட்டது, அதனால் இதை எழுதுகிறேன். செமஸ்டர் தொடக்கத்தில் வகுப்பு புரியாமல் வேறு கல்லூரிக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். மாலையில் நீங்கள் தமிழில் சொல்லித் தந்த பிறகு கேலி–ஹாமில்டன் தேற்றத்தை நானே போட முடிந்தது. நவம்பருக்குப் பிறகு காலை வகுப்பே புரிய ஆரம்பித்தது. அந்த நேரத்தை எங்களுக்குக் கொடுத்ததற்கு நன்றி சார். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை."

வேறு கல்லூரி விஷயம் நானாகச் சேர்த்தது. அப்படி யோசிக்கவில்லை என்றால் எடுத்துவிடு. நடக்காததை எழுதாதே.


இயற்பியல்_வாத்தி:

இது சரியாக இருக்கிறது. தமிழில் தாராளமாக எழுதலாம். உங்களுக்குத் தமிழில் சொல்லித் தந்தவர் தமிழ் மெயிலைக் கண்டு முகம் சுளிப்பாரா?

ஒரு சின்னத் திருத்தம். சப்ஜெக்ட் வரியைக் காலியாக விடாதீர்கள். பெயர், வகுப்பு, "நன்றி" என்று போடுங்கள். சப்ஜெக்ட் இல்லாமல் மாணவரிடமிருந்து மெயில் வந்தால் அட்டெண்டன்ஸ் குறைவுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்து அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளி வைத்துவிடுவோம்.


முதலாண்டு_மெக்:

வேறு கல்லூரிக்குப் போக யோசிக்கவில்லை, ஊருக்கே திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தது உண்மை. அப்படியே மாற்றிக்கொள்கிறேன் அக்கா.


ஆஹன்_தமிழன்:

ஜெர்மனியில் முதல் செமஸ்டர் முடித்தவன் நான். இங்கே இதை முறையாகவே வைத்திருக்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் கைதட்டுவதில்லை, விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள். முதல் நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஏதோ எதிர்ப்பு என்று நினைத்தேன். நாள்தோறும் இரண்டு தட்டு, செமஸ்டரின் கடைசி வகுப்பில் நீளமாகத் தட்டுவார்கள். பேராசிரியர் தலையை அசைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஐஸ், ஜால்ரா என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் எல்லோரும் சேர்ந்து தட்டுகிறார்கள், தனியாக யாருக்கும் பெயர் கிடையாது. ஆனால் வாத்தியார் சொன்ன பெஞ்ச் கதை மாதிரி ஒன்று அவர்களுக்குக் கிடைப்பதும் இல்லை.


கௌரவம்_மட்டும்:

அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். பொறியியல் பக்கமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

எங்களுக்கு மாதம் 25,000 ரூபாய். ஆண்டுக்குப் பதினொரு மாதம்தான், மே மாதம் கிடையாது. பல்கலைக்கழக மானியக்குழு 2019-இல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று சொன்னது. அது கேட்டு நடந்த போராட்டங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பல துறைகளில் முதலாண்டு வகுப்புகளில் பெரும்பகுதியை எடுப்பது நாங்கள்தான். மாணவர்களுக்கு நிரந்தரப் பேராசிரியர் யார், கௌரவ விரிவுரையாளர் யார் என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை, அந்த வயதில் எல்லோரும் சார்தான்.

விழா என்று வரும்போதுதான் தெரியும். மேடையில் நாற்காலி நிரந்தரப் பேராசிரியர்களுக்கு, சால்வையும் அவர்களுக்கு. நாங்கள் மைக் செட்டையும் மாணவர் வரிசையையும் பார்த்துக்கொள்வோம். போன ஆண்டு பி.ஏ. தமிழ் முதலாண்டுப் பிள்ளைகள் சிலர் விழா முடிந்து எல்லோரும் போனபின் வந்து, தொல்காப்பிய வகுப்பில் நான் கிண்டலாகச் சொன்ன ஒரு உதாரணத்தைத் திருப்பிச் சொல்லிக் காட்டினார்கள். எனக்கே மறந்துபோன உதாரணம். சால்வையை வீட்டில் எங்கே வைப்பது என்ற தொல்லையும் இல்லை.

தம்பிக்கு ஒரு வேண்டுகோள். பைத்தான் மேடம் இந்த ஆண்டுதான் சேர்ந்தவரா, தற்காலிகமா என்று பார். அப்படி இருந்தால் தள்ளிப் போடாதே. கணக்கு சாரை நான்காம் ஆண்டிலும் அதே மேசையில் பார்க்கலாம். புதிதாக வந்தவர்கள் செமஸ்டர் முடிந்ததும் வேறு வேலை கிடைத்துப் போய்விடுவார்கள், கல்லூரி மெயிலும் அன்றோடு மூடிவிடும்.


துறைத்தலைவர்_ஒருவர்:

இன்னொரு வழி இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. செமஸ்டர் கடைசியில் ஃபீட்பேக் படிவம் தருவார்கள் இல்லையா? அதை எப்படி நிரப்புகிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஒருவன் எல்லாவற்றுக்கும் "எக்ஸலண்ட்" போடுவான், மற்றவர்கள் பார்த்து அதையே போடுவார்கள். மொத்த வகுப்பும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். எல்லோருக்கும் ஐந்துக்கு ஐந்து என்றால் யாருக்கும் ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம்.

ஏஐசிடிஇ 2019-இல் கொண்டுவந்த மதிப்பீட்டு முறையில் மாணவர் ஃபீட்பேக்கும் ஒரு பகுதி. கல்லூரி நிர்வாகம் ஒரு ஆசிரியரை வைத்துக்கொள்வதா, இன்க்ரிமென்ட் போடுவதா என்று பேசும்போது அந்தத் தாள்தான் மேசைக்கு வரும். படிவத்தின் கடைசியில் ஒரு காலிக் கட்டம் இருக்கும், "வேறு கருத்துகள்" என்று. அதில் "மாலை நேரத்தில் தமிழ் வழி மாணவர்களுக்குத் தனியாகச் சொல்லித் தந்தார்" என்று பத்துப் பேர் எழுதினால் என்னால் அதை முதல்வரிடம் எடுத்துப் போய்ப் பேச முடியும். மெயில் அவர் மனதுக்கு, இது அவர் வேலைக்கு.

இந்த முறை படிவம் போய்விட்டது என்றால் அடுத்த செமஸ்டருக்கு நினைவு வைத்துக்கொள்ளுங்கள். சி.ஆர். உதவினால் ஹெச்.ஓ.டி.க்கு ஒரு பக்கக் கடிதமாகவும் தரலாம். அதில் மற்ற ஆசிரியர்களோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தைகூட வேண்டாம். ஒப்பிட்டால் அந்த சாருக்கு ஸ்டாஃப் ரூமில் புதுத் தலைவலி.


கடைசிபெஞ்ச்:

இது உருப்படியான யோசனை. முதல் பதிவுக்குப் பதிலாக நான் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் இந்தப் படிவம் விஷயத்தை எங்கள் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் ஒரு வொர்க்ஷாப் அண்ணனுக்காக நான் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். ஃபிட்டிங்கில் நான் தேய்த்த துண்டை அவர்தான் சதுரமாக்கித் தந்தார்.


ஸ்டாஃப்_வீட்டுப்_பெண்:

பார்த்தீர்களா, உங்களுக்கும் ஒருவர் இருக்கிறார்!

லேப் அசிஸ்டென்ட் பெயர் ஃபீட்பேக் படிவத்தில் வராது. அவர்களை நேரில்தான் பார்க்க வேண்டும். கெமிஸ்ட்ரி லேப்பில் பியூரெட்டை உடைத்தபோது ஃபைன் போடாமல் காப்பாற்றியவர் பெரும்பாலும் அவர்தான்.


சி_ஆர்_பாவம்:

நான் வேறு கல்லூரி, ஆனால் நானும் சி.ஆர். இந்த இழையைப் பார்ப்பதற்கு முன்பே எங்கள் வகுப்பில் ஆளுக்கு 150 ரூபாய் வசூல் பண்ணிவிட்டோம். நாற்பது பேருக்கு மேல் கொடுத்துவிட்டார்கள். கேக்காவது வெட்டலாமா?


மதுரைக்காரி:

திருப்பிக் கொடுத்துவிடு. ஜிபேயில் வந்ததை ஜிபேயிலேயே அனுப்பிவிடலாம், கையில் கொடுத்தவர்கள் பட்டியல் உன்னிடம் இருக்கும். கொடுக்காதவர்கள் யார் என்று குரூப்பில் போட்டிருந்தால் அந்த மெசேஜை முதலில் அழி.

கேக்கும் வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. வெட்டியபின் மேசையைத் துடைப்பது ஆயாம்மாதான், அவருக்கு ஒரு துண்டு மிச்சம் இருக்காது. அதற்குப் பதில் ஒரு ஏ4 தாளை வகுப்பில் சுற்றுக்கு விடு. விருப்பம் உள்ளவர்கள் எந்த சார், எந்த வகுப்பு என்று ஒரு வரி எழுதட்டும். எழுதாதவர்களைத் துரத்தாதே.


சி_ஆர்_பாவம்:

சரி அக்கா. இன்று ராத்திரியே பணத்தை அனுப்பிவிடுகிறேன். தாள் யோசனையை வகுப்பு தொடங்கியதும் செய்கிறேன். மெசேஜை அழித்துவிட்டேன்.